வெட்டிய புல் மீது பழி வேண்டாம்

அருகம்புல்லோ கொரியன் புல்லோ வளர்த்த புல்தரை சில ஆண்டுகளில் மிதித்தால் அமுங்கத் தொடங்கும். கத்தியால் ஒரு துண்டு அறுத்தெடுத்துப் பார்த்தால், மேலே பச்சைக்கும் கீழே மண்ணுக்கும் நடுவில் தென்னை நார்போலப் பின்னிய பழுப்பு அடுக்கு ஒன்று இருக்கும். வெட்டிய புல்லை வாராமல் விட்டதால் வந்த வினை என்பார்கள். அந்தத் துண்டை விரலால் பிரித்தாலே உண்மை தெரியும்: இலை அரிது, படர்தண்டும் வேருமே மிகுதி. இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நுண்ணுயிர்கள் அதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிடும். தண்டிலும் வேரிலும் லிக்னின் என்னும் கெட்டிப்பொருள் அதிகம், அதனால் மக்கத் தாமதமாகிறது. ஆகவே மண் மக்கவைக்கும் வேகத்தைப் புல் தண்டுவிடும் வேகம் மிஞ்சுவதுதான் கோளாறு. அடிக்கடி யூரியா தூவினால் தண்டு பெருகும். மண் இறுகினாலும் பூச்சிமருந்தில் மண்புழு மடிந்தாலும் மக்குவது தடைப்படும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டேனியல் பாட்டர் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அடுக்கின் துண்டுகளை வலைப்பைகளில் இட்டுப் புதைத்தார்கள். மண்புழு நுழைய முடிந்த பைகளில் அது வேகமாகச் சிதைந்தது, மண்ணும் கலந்திருந்தது.

அப்படியானால் மொத்தத்தையும் வாரி எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு சென்டிமீட்டர் வரை அது நல்லதே; மண்ணின் ஈரத்தைக் காக்கும், மிதிபடுவதைத் தாங்கும். இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் ஆபத்து. வேர் மண்ணுக்குள் இறங்காமல் அந்த அடுக்கிலேயே தங்கிவிடும். காய்ந்துபோனால் அடுக்கு தண்ணீரையும் உள்ளே விடாது. அப்போது வாரித்தான் ஆகவேண்டும், அதுவும் புல் வேகமாக வளரும் வெயில் காலத்தில். அருகம்புல்லுக்கு மண்ணுக்குள்ளும் தண்டு ஓடுவதால் மறுபடி துளிர்க்கும். செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு அந்த வசதி இல்லை. அழுத்தி வாரினால் சொட்டையாகிவிடும். மண்புழுவை விட்டால் அதன் எச்சம் மேடு மேடாகத் தரையைக் கெடுக்கிறதே என்று சிலர் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் நார் அடுக்குக்குள் மண்ணைக் கொண்டுசேர்ப்பதே அந்த எச்சம்தான். காய்ந்தபின் விளக்குமாற்றால் பரப்பிவிட்டால் போதும். மண்புழு குறைந்த தரையில் அந்த வேலையை நாம் செய்யவேண்டும்: துளைபோட்டு, சலித்த மண்ணும் மக்கிய உரமும் கலந்து அரை சென்டிமீட்டர் தூவலாம். யூரியாவின் அளவைக் குறைக்காமல் இதையெல்லாம் செய்தால், வாரிய அடுக்கு சில ஆண்டுகளில் மீண்டும் சேர்ந்துவிடும்.