பிரவுசர் ‘ஓகே’ சொன்ன படிவத்தை சர்வர் நிராகரிப்பது ஏன்?

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க கடைசி நாள். மாணவி ஒருவர் வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை டைப் செய்கிறார். திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. சமர்ப்பித்ததும் ‘தவறான தகவல்’ என்று வருகிறது. என்ன கோளாறு?

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள். முதல் 4 எழுத்துகள். 5-வது எப்போதும் பூஜ்ஜியம். அங்கே ஆங்கில ‘ஓ’வைத் தட்டிவிடுவது எளிது. மொத்தம் 11 இருக்கிறதா என்று மட்டும் பிரவுசர் பார்த்தால் தப்பு நழுவிவிடும். முழு விதியும் தெரிந்த சர்வர் பிடித்துவிடும். ஒரே விதியை இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதினால் இப்படித்தான் ஆகும்.

பிரவுசர் சோதனை மட்டும் போதாதா? போதாது. படிவத்தைத் தொடாமலே சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்ப முடியும். சர்வர் சோதனை மட்டும் இருந்தால்? பாதுகாப்பு உண்டு, ஆனால் சின்னத் தப்புக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கணும்.

தீர்வு, விதியை ஒரே ஃபைலில் எழுதி இரண்டு பக்கமும் பயன்படுத்துவது. பிரவுசரின் மொழியான ஜாவாஸ்கிரிப்டை சர்வரிலும் ஓடவைக்கும் நோட் ஜேஎஸ் 2009-ல் வந்தபிறகு இது எளிதானது. சர்வர் வேறு மொழியில் இருந்தால், ஜேசன் ஸ்கீமா போன்ற பொது வடிவத்தில் விதியை எழுதலாம்.

ஒன்றை மட்டும் பகிர முடியாது. அந்த வங்கிக் கிளை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை, பட்டியலைக் கையில் வைத்திருக்கும் சர்வர்தான் சொல்லணும்.