வெள்ளத்தில் மூழ்கிய பைக்கை வாங்கலாமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்க விழுப்புரம் மாவட்டத்தில், மயிலத்தில் மட்டும் சுமார் 50 செ.மீ. மழை. இப்படி ஒரு மழைக்குப் பிறகு தண்ணீரில் மூழ்கிய பைக்குகள் சல்லிசாக விலைக்கு வரும். வாங்கி ரிப்பேர் செய்தால் கட்டுப்படியாகுமா?

எவ்வளவு ஆழத்தில் மூழ்கியது என்பதைவிட, அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேளுங்க. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஓடும் இன்ஜினின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் இன்ஜினையே பிரிக்கணும்.

நிறுத்தி வைத்திருந்தபோது மூழ்கிய வண்டி பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் உடனே ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக மிதித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. நிறம் தெளியும்வரை மாற்றணும். நாள் தள்ளினால் பேரிங் துருப்பிடிக்கும், ஒயரிங் கனெக்டரில் பச்சை படியும்.

கடைசியாக ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவின்படி பதிவு ரத்தான வண்டி என்றால், ஸ்பேர் பார்ட்ஸ் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.