கடலை ஊறட்டும்!

தில்லியில் குடியேறியுள்ள நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் அலுவல் பார்ப்பது இன்று இயல்பாகிவிட்டது. காலை எட்டரைக்குக் கிளம்பி, மெட்ரோ நெரிசலில் நின்று, மாலை ஏழரைக்குத் திரும்புவோர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி எழுகிறது: இரவுக்கு என்ன? விடை ஆயத்தமாக இல்லையெனில் கைப்பேசியை எடுக்கிறோம். உணவின் விலையோடு பொதிக்கும் கூலி, கொண்டுவரும் கூலி, செயலியின் கட்டணம், வரி என ஒவ்வொன்றாக ஏறுகின்றன. பசிக்குக் கொடுத்த விலையைவிடச் சோர்வுக்குக் கொடுத்த விலையே மிகுதி என்று சொல்லலாம். அக்கா வீட்டில் தங்கி வேதியியல் முதுகலை பயிலும் எனக்கு இது நாள்தோறும் காணும் காட்சி.

இதற்கு மருந்து முன்கூட்டியே திட்டமிடுதல் என்பார்கள். ஏழு நாளுக்கு ஏழு வகை உணவு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். அத்தகைய அட்டவணை செவ்வாய்க்கிழமையைத் தாண்டி உயிர் வாழ்ந்ததை நான் கண்டதில்லை. நான் கூற வருவது அதைவிட எளியது. சமையலில் பெரும்பகுதி வேலையைச் செய்வது நாம் அல்ல, தண்ணீரும் நுண்ணுயிர்களும்தாம். அவை கூலி கேட்பதில்லை. நேரம் மட்டுமே கேட்கின்றன. அந்த நேரத்தை முதல் நாள் இரவே கொடுத்துவிட்டால், மறுநாள் மாலை நமக்கு எஞ்சும் வேலை சிறிது.

கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்வோம். காய்ந்த கடலையில் நீர் முதலில் அதன் தழும்பை ஒட்டிய சிறு துளை வழியாகவும், பிறகு தோல் வழியாகவும் மெல்ல உட்புகுகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. நீர் ஊடுருவ வேண்டிய தொலைவு இரு மடங்கானால், நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். சின்னஞ்சிறு பாசிப்பருப்பு சற்று நேரத்தில் ஊறிவிடுகிறது. தடித்த வெள்ளைக் கடலைக்கோ ஓர் இரவு வேண்டும். விடியும்போது அது தன் எடையளவு நீரைக் குடித்து இரு மடங்கு கனத்திருக்கும். வேகும் நேரமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். ஊறாத கடலையை அடுப்பில் ஏற்றுவது, இரவில் தண்ணீர் இலவசமாகச் செய்திருக்கும் வேலையை எரிவாயுவை எரித்துச் செய்விப்பதாகும்.

வீண் எவ்வளவு என்பதையும் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது ஆறரை மடங்குக்கும் மேல். மூடாத பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் 14.2 கிலோ சிலிண்டர் எங்கே போகிறது என்பது இப்போது விளங்கும். குக்கரில் அழுத்தத்தின் காரணமாக நீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிப்பதால் வேக்காடு விரைகிறது. ஆயினும் விசில்களை எண்ணிக்கொண்டு முழுத் தீயில் நிற்பதில் பொருளில்லை. விசில் என்பது வெளியேறும் நீராவி; நாம் காசு கொடுத்து வாங்கிய வெப்பம். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து வேகவிட்டு, அணைத்தபின் அழுத்தம் தானாக இறங்கும்வரை திறவாமல் விட்டால், அந்த வெப்பமும் உள்ளேயே வேலை செய்யும்.

இவ்வூரில் நாம் விரும்பி உண்ணப் பழகிவிட்ட ராஜ்மாவிற்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள லெக்டின் என்னும் புரதம் நன்கு கொதித்தாலன்றி அழிவதில்லை. அரைவேக்காடாக உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தல் வேண்டும்.

இனி நம் இட்லி மாவு. உளுந்தோடு வரும் லூக்கோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்கின்றன. அவற்றுக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் உகந்தது. சென்னையில் தை மாதத்து இரவும் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும். இங்கோ 5 டிகிரியை நெருங்கும் இரவுகள் பல. ஊரில் இரவு அரைத்தால் காலையில் இட்லி. இங்கே குளிர்காலத்தில் ஒரு முழு நாளும் போதாமல் போகலாம். சனிக்கிழமை இரவு அரைத்துவிட்டு ஞாயிறு காலையில் மாவைத் திட்டுவது நியாயமன்று! பாத்திரத்தை ரஜாயால் போர்த்துவோரும் உண்டு. ரஜாய் வெப்பத்தை உண்டாக்காது. இருப்பதைக் காக்கும், அவ்வளவே. எனவே வெதுவெதுப்பான நீர்விட்டு அரைத்து, சூடு இருக்கும்போதே போர்த்தினால்தான் பயன்.

அளவு மீறிய முன்னேற்பாடும் செலவே. குளிர்ப்பெட்டியில் நொதித்தல் தளர்கிறதேயன்றி நிற்பதில்லை; பத்து நாளுக்கென்று அரைத்த மாவு பாதியில் புளித்துக் குப்பைக்குப் போகும். அடுத்த இரவைப் பற்றி இன்றிரவு எண்ணினால் போதும் என்பது என் கருத்து.

ஆனால் எண்ணுபவர் யார்? இங்கேதான் சிக்கல். நடுவண் அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்கு 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களையே. கடலையில் தண்ணீர் ஊற்ற ஒரு நிமிடம் ஆகாது. அதை நினைவில் வைத்திருப்பதுதான் வேலை. “சொல்லியிருந்தால் நான் ஊறப்போட்டிருப்பேனே” என்று அத்தான் சொல்வார், மெய்யாகவே செய்திருப்பார். ஆனால், சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் சுமந்தவள் அக்கா. திட்டம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் பணம் மிஞ்சலாம், மனம் ஓய்வதில்லை.

இப்போது சமையலறைச் சுவரில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. நாளை இரவுக்கு என்ன என்பதை மூவரும் முறைவைத்து எழுதுகிறோம். எழுதியவரே ஊறப்போடவும் வேண்டும். அத்தானின் முறையில் வாரந்தவறாமல் ராஜ்மாதான். அதற்கு மாற்றம் கொண்டுவர அக்காவாலும் இயலவில்லை.

அறை எடுத்துச் சமைத்துண்ணும் நம் சங்க நண்பர்கள் நால்வர் ஐவராக இருப்பதால் அவர்களுக்கும் இது எளிது. குளிர்ப்பெட்டி இல்லாத அறைகளில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மே, ஜூன் மாதங்களில் காலையில் ஊறப்போட்டு மாலை வரை விட்டால் கடலை நுரைத்து நாறிவிடும். இரவில் ஊறப்போட்டு, காலையில் வேகவைத்துவிட்டே வகுப்புக்குக் கிளம்ப வேண்டும். வெந்ததை அன்று நண்பகலிலேயே உண்டுவிடலாம்.