பல் பிடுங்கும் முன் பிரஷர் பார்ப்பது ஏன்?

"பல்லுக்குத்தானே வந்தோம், பிரஷர் எதற்கு?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்கோ கரூருக்கோ பஸ் ஏறிப் போனவருக்கு, வேலையை முடித்து மதியத்துக்குள் திரும்பவே அவசரம்.

காரணம் ஊசியில் இருக்கிறது. மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் மருந்தில் பெரும்பாலும் 80,000-ல் 1 பங்கு அட்ரினலின் கலந்திருக்கும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மரப்பை நீடிக்கச் செய்கிறது. இரத்தக் கசிவையும் குறைக்கிறது. அதுவே இரத்தத்தில் அதிகம் கலந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும். இதய நோயாளிக்கு ஒரு தடவையில் 0.04 மில்லிகிராம் அட்ரினலினே பொதுவான உச்ச வரம்பு. 3 மில்லி மருந்திலேயே அந்த அளவு ஏறத்தாழ வந்துவிடும்.

அதற்காக அட்ரினலினே கூடாது என்பதல்ல. மரப்பு போதாமல் வலித்தால், வலியிலும் பயத்திலும் நம் உடலே அதை இன்னும் அதிகமாகச் சுரக்கும். எனவேதான் அளந்து பார்த்துச் செய்கிறார்கள்.

பிரஷர் 180/110-ஐ எட்டினால், அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைத்துப் பொது மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. நீண்ட சிகிச்சையின்போது விரலில் மாட்டும் சிறு கருவி துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் சட்டென எழக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைசுற்றும்.

நாம் செய்ய வேண்டியவை சில. அன்றைய பிரஷர் மாத்திரையை விடக் கூடாது. ரமளானில் ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாத்திரை நேரத்தை மாற்றியிருந்தால் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரையானாலும், கடையில் வாங்கியதானாலும், அந்த அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு அட்ரினலின் பிரஷரைக் கூட்டலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் நாமாக நிறுத்துவது ஆபத்து.

"இன்று வேண்டாம், பிரஷர் குறையட்டும்" என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால், பிரஷர் பார்க்காமல் பிடுங்கும் இடத்தைத் தேடி அத்தாவையோ அம்மாவையோ அழைத்துப் போக வேண்டாம். வீணாவது ஒருநாள் பஸ் கட்டணம்தான். காக்கப்படுவது அவர்களின் உயிர்.