நாய் உங்களை இழுக்கிறதா? தலைப்பட்டை கைகொடுக்கும்

காலை 8.30 மணி ஷிப்டுக்கு முன்னால் திருப்பூர் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனி வேன், டூவீலர், சரக்கு ஆட்டோ, டீக்கடை வாசலில் கூட்டம். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு நாயை நடக்க அழைத்துச் செல்கிறீர்கள். எதிரே ஒரு தெருநாய். அடுத்த நொடி உங்கள் நாய் பாய்கிறது, கையில் சுற்றிய கயிறோடு நீங்களும் சாலைக்குள் போகிறீர்கள்.

இப்படி ஒருமுறை விழுந்து எழுந்தவர்கள் பலர் அதோடு நாயை வெளியே அழைத்துப் போவதையே விட்டுவிடுகிறார்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ நாள் முழுக்கச் சங்கிலி. நடை இல்லாத நாய்க்கு முரட்டுத்தனமும் குரைப்பும் கூடத்தான் செய்யும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு எளிய சாதனம் உண்டு. அதன் பெயர் 'ஹெட் ஹால்டர்'. தமிழில் தலைப்பட்டை என்று சொல்லலாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

காங்கேயம் மாடு வண்டி இழுப்பதைப் பாருங்கள். நுகத்தடி கழுத்தில் இருக்கிறது. அதனால்தான் உடம்பின் முழு பலத்தையும் கொடுத்து இழுக்க முடிகிறது. ஆனால் மாட்டைத் திருப்ப நாம் பிடிப்பது கழுத்தையா? இல்லை, தலைப்பக்கக் கயிற்றைத்தான். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, உடம்பும் அந்தப் பக்கம் வரும்.

நாய்க்கும் இதே கணக்குதான். சாதாரண கழுத்து பெல்ட் ஒரு குட்டி நுகத்தடி மாதிரி. நாம் பின்னால் இழுக்க இழுக்க, நாய் முன்னால் இன்னும் பலமாக இழுக்கும். மூச்சுக்குழாயும் அழுந்தும், இருமல் வரும். தலைப்பட்டையில் ஒரு வளையம் மூக்கின் மேலும், ஒரு பட்டை காதுகளுக்குப் பின்னாலும் இருக்கும். கயிறு தாடைக்குக் கீழே மாட்டப்படும். நாய் பாய்ந்தால் அதன் முகம் மெதுவாக உங்கள் பக்கம் திரும்பும். முழு பலத்தோடு இழுக்க அதனால் முடியாது.

மூக்கணாங்கயிறு மாதிரி இதில் துளை எதுவும் கிடையாது. கன்றுக்குட்டிக்குப் போடும் தலைக்கயிறு போலத்தான். குதிரைக்குப் போடும் தலைக்கயிற்றின் இதே தத்துவத்தில்தான் இங்கிலாந்தில் ரோஜர் மக்ஃபோர்ட் 'ஹால்டி'யையும், அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் ஆர்.கே. ஆண்டர்சனும் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் 'ஜென்டில் லீடர்' பட்டையையும் உருவாக்கினார்கள்.

இது வாய்மூடி அல்ல

பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் இது. தலைப்பட்டை போட்ட நாய் வாயைத் திறக்கும், தண்ணீர் குடிக்கும், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். கடிக்கவும் முடியும். எனவே கடிக்கும் பழக்கம் உள்ள நாய்க்கு இது மட்டும் போதாது. வாய்மூடி கட்டாயம் என்று உங்கள் உள்ளாட்சி அமைப்பு சொல்லியிருந்தால், அதற்கு இது மாற்றும் ஆகாது.

சரியான அளவு

● காதுக்குப் பின்னால் வரும் பட்டை கழுத்தின் மேல்பகுதியில் கச்சிதமாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு விரல் நுழைந்தால் சரி.
● மூக்கு வளையம் கண்ணை உரசக் கூடாது. வாயை இறுக்கவும் கூடாது. ஆனால் மூக்கு நுனியைத் தாண்டிக் கழன்று வரக் கூடாது.
● சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லித் தலை நாய்கள் எளிதில் நழுவிவிடும். தலைப்பட்டையைக் கழுத்து பெல்ட்டோடும் ஒரு சிறு பட்டையால் இணைத்துவிடுங்கள்.
● பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு மார்புப் பட்டை, அதாவது 'ஹார்னஸ்' நல்லது.

நம்ம ஊரில் ஒரு எச்சரிக்கை தேவை. எலாஸ்டிக்கும் நாடாவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்று வீட்டிலேயே தைத்துவிடாதீர்கள். எலாஸ்டிக் நீளும், நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மெல்லிய நாடா தோலை அறுக்கும். கடையில் நாயின் தலைக்கு அளவு பார்த்து வாங்குங்கள்.

பழக்குவது எப்படி?

இங்குதான் பலர் அவசரப்படுகிறார்கள். வாங்கிய அன்றே மாட்டித் தெருவுக்கு இழுத்துப் போனால், நாய் காலால் முகத்தைப் பிறாண்டும், தரையில் புரளும். "இது நம்ம நாய்க்கு ஒத்து வராது" என்று பட்டை பரணுக்குப் போய்விடும். ஒரு வாரம், பத்து நாள் பொறுமையாகப் பழக்குங்கள்.

1. முதல் இரண்டு நாள்: மூக்கு வளையத்தைக் கையில் பிடித்து, அதன் வழியாக மசாலா இல்லாத வேகவைத்த கோழித் துண்டைக் காட்டுங்கள். நாய் தானாக மூக்கை நுழைக்கட்டும். மாட்ட வேண்டாம்.
2. அடுத்த சில நாள்: சில நொடி மாட்டி, தின்பண்டம் கொடுத்து, நாய் பிறாண்ட ஆரம்பிக்கும் முன்பே கழற்றுங்கள். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.
3. பிறகு: வீட்டுக்குள்ளும் மாடியிலும் கயிறு மாட்டி நடத்துங்கள்.
4. கடைசியாக: தெரு. முதல் நாளுக்கு, கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நல்ல நேரம்.

நடக்கும்போது கயிறு தளர்வாக இருக்கட்டும். நாய் இழுத்தால் நில்லுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள், பாராட்டுங்கள். இழுத்தால் நடை நிற்கும், இழுக்காவிட்டால் நடை தொடரும் என்பதை நாய் புரிந்துகொள்ளும். பழகிய பிறகு மெல்ல மெல்லச் சாதாரண பெல்ட்டுக்கே திரும்பிவிடலாம்.

செய்யவே கூடாதவை

● வெடுக்கென்று இழுக்காதீர்கள். கழுத்து எலும்பில் அடிபடும்.
● நீண்டு சுருங்கும் கயிற்றை மாட்டாதீர்கள். நாய் வேகமாக ஓடி அதன் எல்லையில் நின்றால் தலை சட்டென்று திரும்பும். 4 முதல் 6 அடி வரையிலான சாதாரணக் கயிறு போதும்.
● தலைப்பட்டையோடு நாயைக் கட்டிப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். மூக்கில் முடி உதிர்கிறதா, புண் இருக்கிறதா என்று பாருங்கள்.
● வெயிலில் நடத்தாதீர்கள். உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் 5 நொடி வைக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் தாங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 2 ராட்வெய்லர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். வளர்ப்பு நாய் விஷயத்தில் உரிமையாளரின் பொறுப்பு பற்றி மாநிலம் முழுக்கப் பேச வைத்த சம்பவம் அது.

பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-ன்படி, தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ ஏற்படாமல் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்கத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "கயிறு நழுவிடுச்சுங்க" என்பது சமாதானம் ஆகாது. மறுபக்கம், நாயை நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆக, கட்டிப்போட்டே வளர்ப்பதும் தீர்வு இல்லை, கட்டுப்பாடு இல்லாமல் வெளியே விடுவதும் தீர்வு இல்லை.

போனில் சேமித்து வையுங்கள்

● 1962: கால்நடை அவசர ஊர்தி
● 104: மருத்துவ ஆலோசனை
● 108: ஆம்புலன்ஸ்

உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் உரிமம் பற்றி உங்கள் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இருமல், கண் நோய், கழுத்துவலி உள்ள நாய் என்றால், தலைப்பட்டை வாங்கும் முன் அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். யாரையாவது நாய் கடித்துவிட்டால், காயத்தை உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம்.

நாளைக் காலையே நாயோடு தெருவில் இறங்க வேண்டியதில்லை. இன்று மாலை மூக்கு வளையமும் ஒரு கோழித் துண்டும் போதும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.