மிதித்தால் மாறும் சுருதி

திருத்தணி மலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? முருகன் கோயிலை அடைய 365 படிகள் ஏற வேண்டும். ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்று சொல்வார்கள். வளைந்து வளைந்து மேலேறும் சாலையும் உண்டு. படியில் ஏறுகிறவர் ஒரு படியை விட்டால் அடுத்த படியில்தான் கால் வைக்க முடியும். சாலையில் செல்கிறவரோ எந்த உயரத்திலும் நின்றுகொள்ளலாம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தமது முதல் கீர்த்தனையை இந்த மலையில்தான் பாடினார் என்பது மரபு. அவர் வீணையில் வல்லவர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு வயலினைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி. வெளிநாட்டுக் கருவியை ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் பழகிய வழக்கம்தான் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? நாமும் இன்று அப்படி ஒரு கருவியைப் பார்ப்போம். அதன் பெயர் பெடல் ஸ்டீல் கிதார். கைகளோடு கால்களும் முழங்கால்களும் சேர்ந்து வாசிக்கும் விந்தைக் கருவி அது.

படியும் சரிவும்

வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் உள்ளன. அவை படிகளைப் போன்றவை. கோட்டுவாத்தியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சித்ரவீணை என்றும் அதைச் சொல்வார்கள். அதில் மெட்டுகளே இல்லை. இடக் கையில் ஒரு வழவழப்பான கட்டையைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். இது மலைச் சாலையைப் போன்றது. திருவிடைமருதூர் சகாராம ராவ் போன்ற மேதைகள் இக்கருவியைத் தமிழகத்தில் பரப்பினார்கள்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவில், 1880களின் இறுதியில், ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் கிதாரின் தந்திகள்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தார். கிதாரை மடியில் படுக்க வைத்து வாசிக்கும் முறை இப்படிப் பிறந்தது. 'ஸ்டீல்' என்ற பெயர் வந்தது அந்த எஃகுத் துண்டினால்தான்.

எஃகுத் துண்டின் குறை

மேல்நாட்டு இசையில் பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பார்கள். இதைச் சுரக்கூட்டு என்று சொல்வோம். ச, க, ப என்று மூன்று தந்திகளைச் சுருதி சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எஃகுத் துண்டை எங்கே வைத்தாலும் மூன்று தந்திகளும் ஒரே விகிதத்தில் குறுகும். சுரங்கள் உயரும், ஆனால் அவற்றிற்கு இடையே உள்ள உறவு மாறாது. மகிழ்ச்சியான கூட்டு எப்போதும் மகிழ்ச்சியான கூட்டாகவே இருக்கும். சோகச் சாயலுள்ள கூட்டு வேண்டுமானால் ஏதாவது ஒரு தந்தி மட்டும் தனியே மாற வேண்டும். அதற்கு வழி என்ன?

வழி நம் வீணையிலேயே இருக்கிறது. மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி உயருகிறதல்லவா? அங்கே நீளம் மாறவில்லை, இழுவிசைதான் கூடியது. ஆனால் ஸ்டீல் கிதார்க்காரருக்கு இரண்டு கைகளிலும் வேலை இருக்கிறது. மீதி இருப்பவை கால்கள்தாம்.

1940-வாக்கில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் மிதிகள் வைத்த ஸ்டீல் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில், ஒரு சுருதி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கே மிதி பெரிதும் பயன்பட்டது. 1954இல் வெப் பியர்ஸ் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் புதுமை செய்தார். தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஒரு சுரம் அப்படியே நிற்க, மற்றொன்று அதை ஒட்டி ஏறியது. கேட்டவர்கள் வியந்தார்கள். அதன்பின் மிதி இல்லாத கிதாரை இசைக் குழுக்கள் நாடுவது குறைந்துவிட்டது.

எந்த மிதி என்ன செய்யும்?

ஒற்றைக் கழுத்துக் கருவியில் பெரும்பாலும் பத்துத் தந்திகளும், மூன்று அல்லது நான்கு மிதிகளும், நான்கைந்து முழங்கால் நெம்புகோல்களும் இருக்கும். ஈ-9 என்னும் சுருதி அமைப்பே மிகவும் பரவலானது. அதன் 'ஈ' சுரத்தை நாம் ச என்று கொள்வோம். அப்போது வழக்கமான ஏற்பாடு இது:

முதல் மிதி: ப தந்திகளை த ஆக்கும்.
இரண்டாம் மிதி: க தந்திகளை ம ஆக்கும்.
மூன்றாம் மிதி: ஒரு ச தந்தியை ரி ஆகவும், ஒரு ப தந்தியை த ஆகவும் உயர்த்தும்.
இடது முழங்கால் இடப்புறம் தள்ளினால்: ச தந்திகள் அரைச்சுரம் உயரும்.
இடது முழங்கால் வலப்புறம் தள்ளினால்: ச தந்திகள் அரைச்சுரம் இறங்கி நி ஆகும்.

இதைக் கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். முதலில் ச, க, ப. முதல் மிதியை மட்டும் அழுத்தினால் ச, க, த. இதுதான் நாம் தேடிய சோகச் சாயல். இரண்டு மிதிகளையும் சேர்த்து அழுத்தினால் ச, ம, த. ம-வை ஆதாரமாகக் கொண்டால் இது மீண்டும் மகிழ்ச்சியான கூட்டு. எஃகுத் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது! இந்த இரு மிதிகளையும் இடது பாதம் ஒன்றே அழுத்தும். கணுக்காலைச் சாய்த்து ஒன்றை மட்டும் விடவும் முடியும். வலது பாதம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிதியில் இருக்கும்.

அடியில் என்ன இருக்கிறது?

மிதியை அழுத்தினால் ஒரு கம்பி கீழே இழுக்கப்பட்டு, கருவியின் அடியில் உள்ள குறுக்குத் தண்டு சற்றுச் சுழலும். தண்டில் பொருத்திய சிறு கை ஓர் இழுகம்பியை இழுக்கும். இழுகம்பியின் மறுமுனை, தந்தி வளைந்து முடியும் 'விரல்' என்ற உலோகத் துண்டோடு சேர்ந்திருக்கிறது. அந்த விரல் அச்சில் திரும்பினால் தந்தி இறுகும். வேறு வகையாக இணைத்தால் விரல் தந்தியின் பக்கம் சாய்ந்து தந்தி தளரும். காலை எடுத்ததும் தந்தியின் இழுப்பும் சுருள்வில்களும் சேர்ந்து விரலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

இங்கே ஓர் இயற்பியல் விதி வேலை செய்கிறது. தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு முழுச்சுரம் உயர இழுவிசை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூட வேண்டும். அரைச்சுரத்துக்கு எட்டில் ஒரு பங்கு போதும். எஃகு எளிதில் நீளாத பொருள். ஆகவே மெல்லிய தந்தியை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இழுத்தாலே முழுச்சுரம் ஏறிவிடும். இவ்வளவு சிறிய அசைவை ஒவ்வொரு முறையும் பிசகாமல் செய்வதுதான் இயந்திரத்துக்கு உள்ள சவால்.

சரிசெய்யும் முறை

1. முதலில் கருவியின் உயரத்தையும் இருக்கையையும் பொருத்திக்கொள்ள வேண்டும். குதிகாலைத் தூக்காமல் மிதி எட்ட வேண்டும். முழங்காலைச் சிறிது அசைத்தாலே நெம்புகோல் தொட வேண்டும்.

2. மிதி எதையும் தொடாமல், எல்லாத் தந்திகளையும் முறுக்காணிகளால் சுருதி சேர்க்க வேண்டும்.

3. பிறகு ஒவ்வொரு மிதியாக, அது தடுப்பில் முட்டும்வரை முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இழுகம்பியின் நுனியில் உள்ள நைலான் நட்டைத் திருகி உயர்ந்த சுரத்தைச் சேர்க்க வேண்டும். முழங்கால் நெம்புகோல்களுக்கும் இதே முறைதான்.

4. இழுகம்பியில் மயிரிழை அளவு தொய்வு விட வேண்டும். அடியோடு இறுக்கிவிட்டால், காலை எடுத்த பிறகும் விரல் பழைய இடத்துக்கு வராது. தந்தி சுருதி விலகி நிற்கும்.

5. ஒரு மிதி இரண்டு தந்திகளை இழுக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக முடிய வேண்டும். தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் ஒரே இழுப்புக்கு ஒரே அளவு உயர்வதில்லை. இதற்காகவே சிறு கையில் பல துளைகள் வைத்திருக்கிறார்கள். தண்டிலிருந்து தள்ளியுள்ள துளையில் மாட்டினால் இழுப்பின் தூரம் கூடும். ஆனால் மிதி கடினமாகும். கிட்டத்துத் துளையில் மாட்டினால் மிதி இலேசாகும். ஆனால் அதிகத் தூரம் மிதிக்க வேண்டும். நீங்கள் படித்த நெம்புகோல் விதியேதான்!

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு குறை எட்டிப் பார்க்கும். மிதியை அழுத்தும்போது கூடும் இழுவிசையால் கருவியின் உடலே மிக நுட்பமாக வளையும். அப்போது மிதிக்குச் சம்பந்தமே இல்லாத தந்திகளும் சற்று இறங்கிவிடும். ஆகவே உறுதியான உடல் அமைப்பு மிக முக்கியம்.

நீங்களே சோதியுங்கள்

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள சுரமானியில் 2 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டுத் தந்தியை மீட்டுங்கள். எடையை 2.5 கிலோகிராம் ஆக்கி மீண்டும் மீட்டுங்கள். ச-விலிருந்து ரி-க்கு ஏறியதுபோல் கேட்கும். முதல் மிதி செய்யும் வேலை இதுதான். அடுத்து 1 கிலோகிராமில் மீட்டி, பிறகு 4 கிலோகிராமில் மீட்டுங்கள். எந்தச் சுரம் கேட்கிறது? ஏன்? உங்கள் இசை ஆசிரியரையும் இயற்பியல் ஆசிரியரையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் மிதிகளே இல்லாத கோட்டுவாத்தியம் குறைபாடுள்ள கருவியா? இல்லவே இல்லை. நம் இசை ஒற்றை இழையாகச் செல்லும் ராக இசை. அதற்கு வேண்டியது படியில்லாத சாலை. அதைக் கட்டை ஒன்றே தந்துவிடுகிறது. சுரக்கூட்டை நாடும் இசைக்கோ, உடன் வரும் தந்திகளில் ஒன்றை மட்டும் தனியே நகர்த்த வேண்டியிருக்கிறது. மிதி அங்கே பிறந்தது. தேவை எதுவோ, அதுவே கருவியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. அடுத்த முறை திருத்தணிப் படிகளில் ஏறும்போது, மேலே செல்லும் சாலையையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.