கோட்டு இரவல், பாசம் சொந்தம்
டில்லி ஆண்கள் பள்ளிகளில் பிரிவுபசார விழா

- நமது டில்லி பகுதி நேர நிருபர்

ஜனவரி பிறந்துவிட்டால் டில்லியில் மூடுபனியோடு கூடவே பள்ளிக்கூடங்களின் பிரிவுபசார விழாவும் வந்துவிடும். பிப்ரவரி நடுவில் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வு தொடங்கும். அதற்கு முன்னால் செய்முறைத் தேர்வு, மாதிரித் தேர்வு என்று ஓட்டமாக இருக்கும். இவற்றுக்கு இடையே ஒரு நாளை ஒதுக்கி, பதினோராம் வகுப்புப் பையன்கள் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மார்களுக்கு விருந்து வைத்து வழியனுப்புவார்கள். இந்தியில் இதற்கு 'விதாயி' என்று பெயர். கல்யாணப் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதற்கும் இதே சொல்தான். இதை வைத்துப் பையன்கள் அடிக்கும் கேலிக்கு அன்றைக்கு அளவே இல்லை!

டில்லியில் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றதும் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள்தான் நினைவுக்கு வரும். அங்கே பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அந்தப் பள்ளிகள் எட்டுவதில்லை. இடம் கிடைக்காதவர்களும், தூரத்துக் காலனிகளில் குடியிருப்பவர்களும் பக்கத்து அரசாங்கப் பள்ளியில்தான் சேர்க்கிறார்கள். பெண் குழந்தையானால் 'கன்யா வித்யாலயா', பையனானால் 'பாய்ஸ் ஸ்கூல்'. இந்தப் பாய்ஸ் ஸ்கூல்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் சுவரேறிக் குதிப்பதையும் சண்டையையும்தான் பேசுகிறோம். அங்கே வேறு விஷயங்களும் உண்டு.

ஒரே கட்டடம், இரண்டு பள்ளி

டில்லியில் பல அரசாங்கப் பள்ளிகள் இரண்டு ஷிப்டில் நடக்கின்றன. காலையில் பெண்கள் பள்ளி, பகல் ஒரு மணிவாக்கில் அதே கட்டடத்தில் ஆண்கள் பள்ளி. பெஞ்சும் கரும்பலகையும் ஒன்றுதான். பெயர்ப் பலகையும் ஆசிரியர்களும் வேறு. குளிர்காலத்தில் ஆண்கள் பள்ளி விடும்போது இருட்டிவிடும். பனியில் எதிரே வரும் ஆளின் முகம் தெரியாது.

பகல் ஷிப்டு என்பதால் ஒரு வசதி உண்டு. காலையில் பேப்பர் போட்டுவிட்டு வருகிறான் ஒருவன். அப்பாவின் இட்லி வண்டியில் சட்னி ஊற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான் இன்னொருவன். இஸ்திரி மேஜையிலிருந்து நேராக வருபவனும் உண்டு. எட்டாம் வகுப்புவரை பள்ளியில் சாப்பாடு கிடைக்கும். ஒன்பதிலிருந்து அது இல்லை. இருப்பவன் டப்பாவைத் திறந்தால் இல்லாதவன் கை நீட்டுவான். யாரும் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை. பரோட்டாவும் ஊறுகாயும் ஒரு பக்கம், நம் வீட்டு எலுமிச்சஞ் சாதம் மறு பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருஷம் இப்படிச் சேர்ந்து சாப்பிட்டவர்கள் ஒரு நாளில் பிரிகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா?

கோட்டு வேட்டை

பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அன்று யூனிபாரத்தில் வரக் கூடாது. கோட்டு, டை, பாலீஷ் போட்ட ஷூ இவைதான் மரியாதை. கூலிக்குப் போகும் வீட்டில் கோட்டுக்கு எங்கே போவது? சிலர் கல்யாண உடுப்பு வாடகைக் கடையில் ஒரு நாளைக்கு எடுக்கிறார்கள். சிலர் விடியற்காலையில் ரகுபீர் நகர் பழந்துணிச் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கி வருகிறார்கள். மற்றவர்கள் மாமாவின் கல்யாணக் கோட்டை இரவல் வாங்கி, தோள் தொங்கத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். டை கட்டத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வாசலில் நிற்பார். வரிசையாக வந்து கழுத்தை நீட்டுவார்கள்.

செலவைப் பதினோராம் வகுப்பு ஏற்கிறது. ஒவ்வொரு பையனிடமும் வசூல் உண்டு. ஸமோசா, குலாப் ஜாமூன், குளிர்பானம், ஒலிபெருக்கி, காகிதத் தோரணம், போட்டோக்காரர் இவ்வளவுக்கும் கணக்கு எழுதி வைப்பவன் வகுப்பு மானிட்டர். கொடுக்க முடியாத பையனின் பங்கை இரண்டு பேர் சேர்ந்து போட்டுவிடுவார்கள். யார் போட்டது என்பது வெளியே வராது. பெரியவர்களின் சங்கங்களில்கூட இவ்வளவு நாகரிகம் காண்பது அரிது.

சட்டையில் தமிழ் எழுத்து

விழாவில் பிரின்சிபால் பேசுவார், பாட்டு உண்டு, நடனம் உண்டு. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பட்டப் பெயர் எழுதிய சீட்டைக் குத்துவார்கள். பிறகு பதினோராம் வகுப்பு மாணவர் தலைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பார்கள். வருஷம் முழுவதும் ஆசிரியருக்கு எதிர்த்துப் பேசியவன் அன்று முதல் ஆளாகக் குனிந்து அவர் காலைத் தொடுவான். பெண்கள் இல்லாத இடம் என்பதால் அழுவதற்கு வெட்கம் இல்லை. நன்றாகவே அழுகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஆட்டோகிராப் நோட்டு இருந்தது. இப்போது கடைசி வகுப்பு நாளன்று பள்ளிச் சட்டையிலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுகிறார்கள். சென்ற பருவத்தில் ஒரு பள்ளி வாசலில் நான் பார்த்தது இது. ஏழு வருஷமாக 'மதராசி' என்று கூப்பிடப்பட்ட நம் பையன் ஒருவனைச் சுற்றி ஒரே கூட்டம். ஒவ்வொருவனும் முதுகைக் காட்டிக்கொண்டு, "என் பெயரைத் தமிழில் எழுது" என்று கெஞ்சுகிறான். பையன் தமிழை வீட்டில் அம்மாவிடம் கற்றவன். 'ஜ'வும் 'ஷ'வும் எப்படி எழுதுவது என்று கொஞ்சம் யோசித்து யோசித்து எழுதினான். பத்துப் பன்னிரண்டு சட்டைகளில் அன்று தமிழ் ஏறியது. அவன் சட்டையில் இருந்ததெல்லாம் இந்தியும் பஞ்சாபியும் உருதுவும்.

போட்டோவில் இல்லாதவர்கள்

குரூப் போட்டோவைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எடுத்த போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பல முகங்களைக் காணோம். இவர்களுக்கு யாரும் ஸமோசா வாங்கித் தரவில்லை, மாலை போடவில்லை. ஒரு நாள் வந்தார்கள், மறுநாள் வரவில்லை. அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில் தவறியவர்கள் முதல் வகை. இரண்டு முறை தவறினால் திறந்தநிலைப் பள்ளிக்கு எழுதச் சொல்லிவிடுவார்கள். 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் சான்றிதழ் மற்ற போர்டுகளின் சான்றிதழுக்குச் சமமானதே. ஆனால் தினம் போக ஒரு வகுப்பும், அடித்துப் பிடித்து விளையாட ஒரு கூட்டமும் இல்லாமல் பதினைந்து வயதுப் பையன் தானாகப் படிப்பது எத்தனை கஷ்டம்! பெரும்பாலும் கடையில் நின்றுவிடுகிறான்.

குடியிருப்பு போனவர்கள் இரண்டாவது வகை. ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரமாக இருந்த மதராசி கேம்ப் நம்மவர் எல்லோருக்கும் தெரிந்த இடம். 2025 ஜூன் 1-ம் தேதி, நீதிமன்ற உத்தரவின்படி அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் ஏறக்குறையப் பாதிக் குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடுகளும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். இடித்தது கோடை விடுமுறைக் காலம். ஜூலையில் பள்ளி திறந்தபோது, பழைய பள்ளிக்குத் தினம் இவ்வளவு தூரம் வருவதா, புதுப் பள்ளியில் தமிழ் இல்லாமல் சேர்ப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் நின்றது. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு வேலையும் தெற்கே, பிள்ளையின் பள்ளியும் தெற்கே, கூரை மட்டும் வடக்கே.

மாற்றலில் போகிறவர்கள் மூன்றாவது வகை. இது நம் குமாஸ்தா வர்க்கத்தின் சொந்தக் கதை. உத்தரவு வந்ததும் சாமானைக் கட்டுகிறோம், டி.சி. வாங்குகிறோம், வண்டி ஏறுகிறோம். பையன் தன் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டானா என்று கேட்க நமக்கு நேரம் இருப்பதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை

ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாற்றல் வந்தால் குவார்ட்டர்ஸை உடனே காலி செய்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் இரண்டு மாதம் வழக்கமான வாடகையிலேயே இருக்கலாம். அதன் பிறகும், பிள்ளையின் படிப்பைக் காட்டிக் கூடுதல் வாடகையில் கல்வியாண்டு முடியும்வரை வைத்துக்கொள்ள மனுச் செய்ய விதி உண்டு. பள்ளியின் சான்றிதழை இணைத்து, காலாகாலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் பள்ளி மாற்ற போர்டின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடிக்கடி மாற்றல் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முசூரிக்குக் கீழே ஜரிபானியில், 1888-ல் கிழக்கிந்திய ரயில்வே தொடங்கிய ஓக் குரோவ் பள்ளி இன்றும் ரயில்வேயின் பள்ளியாகவே நடக்கிறது. தங்கிப் படிக்கும் பள்ளி. பையன்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அப்பா எங்கே மாற்றலானாலும் பையனின் பெஞ்சு மாறாது. ஆனால் பெற்றோரை விட்டு மலையில் இருக்க வேண்டும். எது நல்லது என்பதை அந்தந்த வீடுதான் தீர்மானிக்க வேண்டும்.

ஊரோடு போய்ச் சேருகிறவர்கள் வேறொன்றை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். இந்தியும் சமஸ்கிருதமும் மட்டும் படித்த பையனை ஒன்பதாவதில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவன் திண்டாடுவான். வீட்டில் தினம் அரை மணி தமிழ் எழுதப் பழக்குவது இதற்கு நல்ல முன்னேற்பாடு.

ஒரு யோசனை

இங்கே தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் பஞ்சமில்லை. பொங்கலுக்குக் கூடுகிறோம், கோலப் போட்டி நடத்துகிறோம். அதே ஜனவரி மாதத்தில், அந்தந்தக் காலனியில் படிப்பை முடிக்கும் பையன்களையும் நடுவில் விட்ட பையன்களையும் சேர்த்து அழைத்து, ஒரே பந்தியில் உட்கார வைத்து ஒரு சாப்பாடு போட்டால் என்ன? திறந்தநிலைப் பள்ளிக்கு எப்படி மனுப் போடுவது என்று சொல்ல அந்தக் கூட்டத்திலேயே ஒரு குமாஸ்தா நிச்சயம் இருப்பார். விட்ட இடத்தில் தொடங்க ஒரு பையன் எழுந்தாலும் செலவு வீண் போகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் கோட்டு வேண்டும் என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது ஆடம்பரம் அல்ல. நம் குடும்பங்களில் பல பையன்களுக்கு, கல்யாணத்துக்கு முன்னால் நாலு பேர் நிற்க வைத்து மரியாதை செய்யும் நாள் அது ஒன்றுதான். மறுநாள் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேர்வுக்குப் படிக்க உட்காருவான். அவனுக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுங்கள், போதும்.